அலை அடிக்காத இடமே ஆபத்தான இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் விடுமுறைச் சிறப்புப் பக்கத்தில் கடற்கரைச் சுற்றுலா ஊர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எங்கே தங்கலாம், எந்த நேரத்தில் படம் எடுத்தால் நன்றாக வரும் என்பதெல்லாம் விவரமாக இருந்தது. கடலில் எங்கே இறங்கக் கூடாது என்று ஒரு வரிகூட இல்லை. நீச்சல் கற்றுக்கொடுப்பது என் தொழில். அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

கரைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அலை அடிக்காத இடமாகப் பார்த்துத்தான் குழந்தைகளை இறக்குகிறார்கள். இரண்டு பக்கமும் நுரை பொங்கி அலை உடைந்துகொண்டிருக்கும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் கருத்து அமைதியாகக் கிடந்தால், அங்கே இறங்கவே கூடாது. அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் மணல்திட்டின் இடைவெளி வழியே கடலுக்குத் திரும்பி ஓடும் பாதை அது. அங்கே ஆழம் அதிகம், அதனால்தான் அலை உடைவதில்லை. சற்று நேரம் நின்று கவனித்தால் கலங்கிய மணலும் நுரையும் கடலை நோக்கிப் போவது கண்ணுக்கே தெரியும். ரிப் கரண்ட் என்பது இதைத்தான். நொடிக்கு 2.5 மீட்டர் வேகம்வரை அளந்திருக்கிறார்கள். ஒலிம்பிக் வீரராலும் அதை எதிர்த்து நீந்திக் கரையேற முடியாது.

என்னிடம் பயின்று போட்டிகளில் பரிசு வாங்கிய மாணவர் ஒருவர் இப்படி மாட்டிக்கொண்டார். கரை பக்கத்தில்தானே இருக்கிறது என்று நேராக நீந்தி நீந்தியே களைத்துப்போனார். அப்புறம் மல்லாந்து மிதந்தபடி ஒரு கையை உயர்த்தியிருக்கிறார். பிழைத்ததற்கு அதுதான் காரணம். இந்த இழுப்பு ஆளைக் கீழே அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். பதறாமல் மிதக்க வேண்டும். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அதன்பிறகு கரையை நோக்கித் திரும்பலாம்.

மூழ்குகிறவர் கூச்சலிடுவார் என்றே எல்லோரும் நம்புகிறார்கள். பெரும்பாலும் சத்தமே வராது. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழுமாகப் போய்வரும். மூச்சு வாங்கவே நேரமில்லாதவர் எப்படிக் கத்துவார்? பக்கத்தில் விளையாடுகிற குழந்தை திடீரென்று அமைதியானால் உடனே திரும்பிப் பாருங்கள். காப்பாற்றப் போகிறேன் என்று வெறுங்கையோடு குதிக்காதீர்கள். மிதக்கும் பொருள் எதையாவது வீசிவிட்டு ஆள் கூப்பிடுங்கள். குதித்தவரும் சேர்ந்து போன குடும்பங்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள்.

ஊரைச் சுற்றிப் பார்க்கும்போதும் கவனம் வேண்டும். படகில் லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொள்வதில் பயனில்லை, வார்களை இறுக்கிப் போட வேண்டும். குழந்தைக்கு அதன் அளவில் கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் படகு வேண்டாம். வெளிநாட்டில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பவர்கள் தங்கள் உரிமம் அங்கே செல்லுமா என்று முன்பே பார்த்துவிட வேண்டும். செல்லாத உரிமத்தோடு விபத்தில் சிக்கினால் காப்பீட்டுப் பணம் கிடைக்காமல் போகலாம். காற்றுக் கலன் மாட்டிக்கொண்டு கடலடியில் நீந்தும் ஸ்கூபா டைவிங் செய்தவர்கள் அன்றே விமானம் ஏறக் கூடாது. உயரே போனால் காற்றழுத்தம் குறைந்து, உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழாகி ஆபத்தாகலாம். பலமுறை மூழ்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறார்கள். உயரமான மலைப்பாதையில் காரில் போவதும் இதே காரணத்தால் ஆபத்து. காலையில் டைவிங், மாலையில் மலை என்று திட்டம் போடுகிறவர்களுக்கு இதை யார் சொல்வது?

விடுதிக்காரர்கள் அறைச் சாவி கொடுக்கும்போதே இன்று கடல் எப்படி இருக்கிறது என்று சொல்லலாம். நீங்களும் அடுத்த முறை கடற்கரைக் கட்டுரை போடும்போது, கொடிகளுக்கு என்று ஒரு சிறு கட்டம் ஒதுக்குங்கள். பல நாடுகளில் மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவே உயிர்காப்பாளர்கள் கண்காணிக்கிறார்கள், குளிக்க வேண்டிய இடம் அதுதான். தனிச் சிவப்பு என்றால் கடும் ஆபத்து. இரட்டைச் சிவப்பு என்றால் யாரும் இறங்கக் கூடாது. ஊருக்கு ஊர் சில வேறுபாடுகள் இருக்கும் என்பதால், கரையில் உள்ள பலகையைப் படிக்கவும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நீச்சல் பயிற்சியாளர் ஒருவர்