காரிகை கற்கும் வயது

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடக்கிறாய் என்று படித்ததும் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மழை சரியான நேரத்தில் விட்டதால் சம்பா தப்பித்தது.

உன் பேத்தியைப் பற்றி எழுதியிருந்ததுதான் மனதிலேயே நிற்கிறது. செய்யுளைச் சீர் சீராக, அசை அசையாகப் பிரித்து (அதுதானே அலகிடுவது) வாய்பாடு எழுதச் சொன்னால் அழுகிறாள், நமக்கே அந்த வயதில் ஏறவில்லை, அவளுக்கு எப்படி ஏறும் என்று கேட்டிருக்கிறாய். 'காரிகை கற்றுக் கவிபாடுவதினும் பேரிகை கொட்டிப் பிழைப்பது நன்றே' என்று உன் தமிழ் நோட்டின் பின் அட்டையில் நீ எழுதி வைத்திருந்தது நினைவிருக்கிறதா? செய்யுள் இலக்கணம் சொல்லும் அந்தக் காரிகையைத்தான் இப்போது நான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் நூலக மாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலை வகுப்பு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நடத்துகிறார். முதல் நாள் கரும்பலகைப் பக்கமே அவர் போகவில்லை. 'அகர முதல எழுத்தெல்லாம்' என்று நிதானமாகச் சொன்னார். பிறகு 'அகர தானே எழுத்தெல்லாம்' என்று சொல்லி, எது இடிக்கிறது என்று கேட்டார். பொருள் கெட்டுவிட்டது என்றார்கள் சிலர். பொருளை விடுங்கள், காதுக்கு என்ன ஆகிறது என்றார். இரண்டாவது சீரில் ஓசை தடுக்கி விழுவது எல்லோருக்கும் கேட்டது. அதற்குப் பிறகுதான் விதியைச் சொன்னார்: குறள் போன்ற வெண்பாவில் மாச்சீருக்கு, அதாவது தேமா, புளிமா ஆகிய சீர்களுக்குப் பின் வரும் சீர் நிரையசையில் தொடங்க வேண்டும். 'அகர' புளிமா. 'முத' என்று இரண்டு எழுத்து இணைந்து ஒலிப்பது நிரை, அதனால் ஓடியது. 'தா' என்று தனித்து ஒலிப்பது நேர், அதனால் தட்டியது.

நாம் படித்தபோது விதி முதலில் வந்தது, ஓசை வரவே இல்லை. நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா என்று பிரம்புக்குப் பயந்து கத்தினோம். தேமா என்று சொல்லும்போதே நேர் நேர் ஒலிக்கிறது, புளிமா என்று சொல்லும்போதே நிரை நேர் ஒலிக்கிறது என்று யாராவது ஒருவர் காட்டியிருந்தால் போதும். ஆனாலும் அந்த மனப்பாடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் வாய்பாடு அப்படியே நாக்கில் நிற்கிறது. இப்போது புதிதாக எதையாவது மனப்பாடம் செய்தால் அடுத்த வாரம் பாதி காணாமல் போய்விடுகிறது. சின்ன வயதுக்கு அந்த வரம் உண்டு. அதைக் கொண்டு என்ன செய்வது என்று காட்ட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அமிதசாகரர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் யாப்பருங்கலக் காரிகையை எழுதியபோது விதிகளையே கட்டளைக் கலித்துறை என்ற செய்யுள் வகையில் பாட்டாகத்தான் வைத்தார். அதுவும் எதிரே ஒரு பெண்ணை நிறுத்தி, அவளிடம் சொல்வதைப் போல. பாடிக் காட்டிச் சொல்லித்தர வேண்டிய நூல் அது. நமக்கு அது வினாத்தாளில் இரண்டு மார்க் கேள்வியாக வந்து சேர்ந்தது.

வகுப்பில் தையல் கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஒரு நாள் 'ஊசி ஏறாத் துணியும்' என்று ஓர் அடியைத் தொடங்கியிருந்தார். ஆசிரியர் திருத்தவில்லை. "நீங்களே ஒரு தடவை சத்தமாகப் படியுங்கள்" என்றார். படித்தார், நின்றார், மறுபடி படித்தார். உதட்டுக்குள் என்னென்னவோ சொல்லிப் பார்த்துவிட்டு, 'ஊசி நுழையாத் துணியும்' என்றார். சீரோடு சீர் சேரும் கட்டு, அந்தத் தளை, சரியாக விழுந்துவிட்டது! அந்த அம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

வயதானால் கற்பதில் ஆசை தானாக வரும் என்று நீ எழுதியிருப்பதை நான் முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன். வயது நமக்குத் தருவது ஒன்றுதான். தேர்வு இல்லை, ரேங்க் இல்லை, தெரியாது என்று சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. இதை நல்ல ஆசிரியர் ஒருவர் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தந்துவிட முடியும். நம் வகுப்பில் யாரும் தரவில்லை. அதற்காக நாம் மக்குகள் என்று இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதே நம்பிக்கையை உன் பேத்தியிடமும் கொடுத்துவிடாதே. நமக்கே ஏறவில்லை என்று அவள் காதுபடச் சொல்லாதே.

அவளைப் பொங்கல் விடுமுறைக்கு இங்கே அனுப்பு. எங்கள் வகுப்பில் கல்லூரிப் பெண் ஒருத்தியும் வருகிறாள், துணைக்கு ஆள் உண்டு. ஆசிரியரிடம் பேசிவிட்டேன், தாராளமாக வரட்டும் என்றார். கால் ஒத்துழைத்தால் நீயும் கூடவே வந்துவிடு. மாடிப்படி கொஞ்சம் செங்குத்து, ஆனால் கைப்பிடி இருக்கிறது. எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று முன்னாடியே எழுது, ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்