கொடிப் பெட்டியைத் திறந்து பார்

அன்பு மகனுக்கு,

அடுத்து இஸ்தான்புல் என்று சொன்னாய். கப்பல் அங்கே போய்ச் சேருவதற்குள் கொடிப் பெட்டியை ஒரு தடவை திறந்து பார் மக்கா. அந்த நாட்டுக்குள் போகும்போது மரியாதைக்கு ஏற்றுகிற துருக்கிக் கொடி கிழியாமல், கரி படியாமல் இருக்கணும். நான் ஏ.பி.யாக, அதாவது கப்பலில் தேர்ந்த மாலுமியாக, இருந்த காலத்தில், புகைபட்டு ஓரம் நைந்துபோன கொடியை அப்படியே ஏற்றிவிட்டேன். கப்பலுக்கு வழிகாட்ட வருகிற உள்ளூர் பைலட் ஏணியில் ஏறி வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை, விரலை மேலே நீட்டினார். கொடியை மாற்றின பிறகுதான் கப்பலை இயக்கும் பிரிட்ஜுக்கே போனார். கேப்டனிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

ஒரு முழத் துணிக்கு இவ்வளவு அலட்டலா என்று எனக்கு எரிச்சல்தான். அந்த எரிச்சலோடுதான் ஷோர் லீவில் கரைக்கு இறங்கி, இஸ்தான்புல்லின் பெஷிக்தாஷ் பகுதியில் இருக்கிற கடற்படை அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன்.

அங்கே பார்பரோசா ஹைரெத்தின் பாஷாவின் கொடி இருக்கிறது. உதுமானியக் கடற்படைத் தளபதி, 1538-ல் பிரெவேசா கடற்போரில் கிறிஸ்தவக் கூட்டணித் தளபதி ஆந்திரேயா தோரியாவின் கப்பல்களை விரட்டினவர். பச்சைத் துணி. மேலே, இறைவனின் உதவியும் வெற்றியும் பக்கத்தில் என்று சொல்லும் குர்ஆன் வசனம். நான்கு பிறைகளுக்குள் நான்கு கலீபாக்களின் பெயர்கள். நடுவில் துல்ஃபிகார், இரண்டாகப் பிளந்த வாள். பிடிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கை. இரண்டு அலகுகளுக்கு நடுவே ஆறுமுனை நட்சத்திரம்!

"யூதர் நட்சத்திரம் இங்கே எப்படி வந்தது?" என்று நான் கேட்டதும் கூட வந்த காயல்பட்டினத்துக்காரர் சிரித்துவிட்டார். "அது சுலைமான் நபியோட முத்திரை. நாங்களும் ரொம்ப காலமாப் போடுறதுதான்" என்றார். அதற்குப் பிறகு எந்தச் சின்னத்தைப் பார்த்தாலும் நான் சட்டென்று வாயைத் திறப்பதில்லை.

இன்னொன்று. 1571-ல் லெபாண்டோ கடற்போரில் உதுமானியரிடமிருந்து பறிபோன கொடி ஒன்றைப் போப் ஆறாம் பவுல் 1965-ல் துருக்கிக்குத் திருப்பிக் கொடுத்தார். கணக்குப் போட்டால் 394 வருஷம். அதைப் படித்தபோது பைலட் நீட்டின விரல் ஞாபகம் வந்தது.

நீ ஏற்றப்போகும் சிவப்பு அவ்வளவு பழசு இல்லை. 1793-ல் சுல்தான் மூன்றாம் செலிம்தான் போர்க்கப்பல்களில் பச்சைக்குப் பதில் சிவப்பு என்று உத்தரவு போட்டார். இப்போதுள்ள பிறையும் ஐந்துமுனை நட்சத்திரமும் 1844-ல் நிலைத்தது.

பார்பரோசாவின் சமாதியும் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே, மிமார் சினான் கட்டினது. இரண்டு மணி நேரம் கிடைத்தாலும் போய் வா. அந்த வாளுக்கு நடுவே இருக்கிற நட்சத்திரத்தைக் கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. என் காலத்தில் கையில் கேமரா இல்லை.

அம்மா நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள்.

அப்பா