ஆண்டறிக்கை: நம் சங்கத்தின் இரவு நடை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள், சந்தா வரவு, பொங்கல் விழாச் செலவு ஆகியவை பொருளாளரின் கணக்கறிக்கையில் வந்துவிடுவதால், சேலத்தின் பழைய தெருக்களில் பேய்க்கதை சொல்லிக்கொண்டே சங்கம் இவ்வாண்டு முதன்முறையாக நடத்திய இரவு நடையைப் பற்றி மட்டும் விரிவாகக் கூற அனுமதி கோருகிறேன்.

இங்கிலாந்தில் மகன் வீட்டுக்குச் சென்று திரும்பிய நம் துணைத்தலைவர், அங்கு யார்க் நகரில் 1973 முதலே பழைய தெருக்களில் ஆட்களை அழைத்துச் சென்று பேய்க்கதை சொல்லுகிறார்கள் என்றும், அதற்குக் கட்டணமும் உண்டு என்றும் கூறி, "சேலத்தில் இல்லாத பேயா?" என்று செயற்குழுவில் கேட்டார். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகையும் குகைப் பகுதியில் அலங்கார வண்டிகள் வலம்வரும் வண்டி வேடிக்கையும் இருப்பதால் அம்மாதம் தவிர்க்கப்பட்டது. அமாவாசைதான் பொருத்தம் என்று இளைஞர்கள் வாதிட்டனர். தெருவிளக்குகளின் நிலையை அறிந்த மூத்தவர்கள் பௌர்ணமியே போதும் என்றனர். மூத்தவர்கள் கருத்தே நிறைவேறியது.

எந்தக் கதைகளைச் சொல்லலாம் என்பதற்குத்தான் செயற்குழு இரண்டு கூட்டங்களைச் செலவிட்டது. 1882-இல் செவ்வாய்ப்பேட்டையில் மூண்ட கலவரத்தையும், அதில் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் விடுதலையாகி, 1920-இல் நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சேலம் வழக்கறிஞர் விஜயராகவாச்சாரியாரின் வழக்கையும் வரலாறாகக் கூறலாம், அதில் ஆவியைச் சேர்க்கக் கூடாது என்று முடிவாயிற்று. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் உயிரிழந்த நிகழ்வைச் சேர்க்கலாம் என்று ஓர் உறுப்பினர் முன்மொழிந்தார். அவர்கள் பெயரும் ஊரும் குடும்பமும் உள்ளவர்கள், அவர்களைக் காட்டி யாரையும் பயமுறுத்தும் உரிமை நமக்கில்லை என்று நான் எதிர்த்தேன். அவரும் உடனே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

குறித்த நாளன்று இரவு ஒன்பதரை மணிக்குக் கோட்டை மாரியம்மன் கோயில் முன்பிருந்து 32 பேர் புறப்பட்டோம். கோட்டை என்பது இன்று தெருப்பெயர்களில்தான் மிஞ்சியிருக்கிறது என்பதால், இல்லாத மதிலைக் கையால் காட்டியே வழிகாட்டி விளக்க வேண்டியிருந்தது. அடுத்து, சேர்வராயன் மலையில் பிறந்து நகருக்குள் நுழையும் திருமணிமுத்தாற்றின் கரையில் நின்று கொள்ளிவாய்ப் பிசாசைப் பற்றியும், மட்கும் கழிவிலிருந்து எழும் மீத்தேன் வாயு தீப்பற்றுவதே அது என்று கூறப்படுவதைப் பற்றியும் பேசுவதாக இருந்தது. வாயு இருப்பதற்கு மூக்கே சாட்சி சொன்னபடியால், பிசாசுக்காகக் காத்திராமல் அனைவரும் நகர்ந்துவிட்டனர்.

அக்ரகாரத்தில் ஒரு சங்கடம் நேர்ந்தது. வெளியிலிருந்து அமர்த்தப்பட்ட வழிகாட்டி, நாம் எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு, பூட்டிக்கிடந்த ஓர் ஓட்டு வீட்டைக் காட்டி, அங்கு வெள்ளைப் புடவையில் ஒரு பெண் உலவுவதாகக் கதை தொடங்கினார். நம் மூத்த உறுப்பினரான அம்மையார் ஒருவர், "தம்பி, அந்த வீட்டுல எங்க பெரியம்மாதான் நாற்பது வருசம் இருந்தாங்க. வெள்ளைப் புடவைதான் கட்டுவாங்க, அது வாஸ்தவம்" என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஆயினும் அம்மையார் மனம் வருந்தியதை நான் கண்டேன். சங்கத்தின் சார்பில் அவரிடம் மீண்டும் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில் கிடைத்தது யாரும் திட்டமிடாத ஒன்று. மணி பதினொன்றை நெருங்கும்போது, சந்து ஒன்றில், மாடியிலிருந்து கொலுசுச் சத்தம் கேட்டது: நாலைந்து முறை ஒலித்து, நின்று, மறுபடி ஒலித்தது. மோகினிக் கதை அப்போதுதான் முடிந்திருந்ததால் 32 பேரும் அசையாமல் நின்றோம்; குழந்தை ஒன்று என் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. சன்னல் திறந்து, பனியன் அணிந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "யாருங்க வேணும்?" என்றார். அது வெள்ளிப் பட்டறை. காலையில் கொடுக்க வேண்டிய கொலுசுகளைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, நீர் வடிய உதறிக்கொண்டிருந்திருக்கிறார். மேலே வரும்படி அவரே அழைக்க, ஐந்தைந்து பேராக ஏறிப் பார்த்தோம். தரையில் விரித்த துணியில் ஈரக் கொலுசுகள் வரிசையாகக் கிடந்தன. கண் வலிக்கிறது என்று அவர் அடிக்கடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொலுசு செய்யும் ஊரில் கொலுசுச் சத்தத்துக்கு அஞ்சி நின்றதை எண்ணி வெட்கப்பட்டதாகப் பலர் பின்னர் கூறினர்.

தலைக்கு 100 ரூபாய் வீதம் 3,200 ரூபாய் வரவு. வழிகாட்டிக்கு 1,500, சுக்குமல்லி காபிக்கு 640, ஒலிபெருக்கி வாடகைக்கு 500 போக, மீதி 560 ரூபாய் பொருளாளரிடம் உள்ளது. மூடியில்லாத சாக்கடையில் கால் தவறி உறுப்பினர் ஒருவருக்குச் சுளுக்கு ஏற்பட்டது. மருந்துச் செலவை அவர் வாங்க மறுத்துவிட்டார்.

அடுத்த நடையில் வெளியாரை அமர்த்தாமல் அந்தந்தத் தெருவில் வாழ்ந்தவர்களே பேசுவது என்றும், பட்டறைக்காரரின் இசைவுடன் அவர் மாடியிலேயே நடையை முடிப்பது என்றும் செயற்குழு பரிந்துரைக்கிறது. நடையின்போது தவறவிடப்பட்ட டார்ச் லைட் ஒன்றும் சிறுவர் செருப்பு ஒற்றையும் சங்க அலுவலகத்தில் உள்ளன.

இங்ஙனம்,
செயலாளர்