முன்னால் வேறு, எதிரே வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் கடந்த செவ்வாயன்று வந்த ஆங்கிலப் பாடத்தில், ‘இன் ஃப்ரண்ட் ஆஃப்’, ‘ஆப்போசிட்’ இரண்டுக்கும் எதிரில் என்றே பொருள், எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று அச்சாகியிருந்தது. குடியாத்தம் வட்டாரப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஆங்கிலம் நடத்திய எனக்கு, அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவரின் முதுகு தெரியும். எனக்கு எதிரே நிற்பவரின் முகம் தெரியும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியே இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கட்டடத்துக்கும் அதே கணக்குதான். வாசலை ஒட்டிச் சாலையின் இந்தப் பக்கம் இருந்தால் இன் ஃப்ரண்ட் ஆஃப். சாலையைக் கடந்து அந்த வாசலைப் பார்த்தபடி இருந்தால் ஆப்போசிட். இது தாங்கள் அறியாதது அல்ல.

வேலூருக்கு வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்து எத்தனை குடும்பங்கள் வருகின்றன என்பதும் தங்களுக்குத் தெரியும். சென்ற சித்திரையில், மருத்துவமனை ஒன்றின் மதிற்சுவர் ஓரமாக ஒரு பெரியவர் எக்ஸ்ரே உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். அவர் நீட்டிய விடுதி அட்டையில், மருத்துவமனைக்கு ‘இன் ஃப்ரண்ட் ஆஃப்’ என்று இருந்தது. அந்தச் சொல்லை நம்பி அரை மணி நேரமாக வாசற்பக்கத்திலேயே தேடியிருக்கிறார். விடுதியோ சாலைக்கு அந்தப் பக்கம், பெயர்ப்பலகை தெரியும்படியாகவே இருந்தது. கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்தபோது அவர் விரல்கள் நடுங்கியதை நான் இன்னும் மறக்கவில்லை. எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொல்லிக்கொடுத்தால் இப்படித்தான் அட்டை அச்சாகும்.

மனக்குறை இது ஒன்றோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். மூன்று மாதங்களுக்கு முன் அதே பக்கத்தில், இரண்டுக்கு நடுவே என்றால் ‘பிட்வீன்’, மூன்று வந்துவிட்டால் ‘அமங்’ மட்டுமே என்று விதி சொல்லியிருந்தீர்கள். 2019-இல் மாவட்டம் பிரிந்த பிறகு, வேலூர் மாவட்டம் ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கு நடுவே இருப்பதாக என் பேத்தி தேர்வில் பிட்வீன் போட்டு எழுதினாள், சரியாகவே எழுதினாள். தனித்தனியே பெயர் சொல்லக்கூடியவை எத்தனை இருந்தாலும் பிட்வீன் வரும். தோப்பு மரங்களுக்கிடையே வீடு என்பதுபோலக் கூட்டமாகச் சொல்லும்போதுதான் அமங். பிட்வீன் தொடக்க காலத்திலிருந்தே இரண்டுக்கு மேற்பட்டவற்றுக்கும் வழங்கிவந்திருப்பதை ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியே சொல்கிறது. ஆனால் அவள் விடையில் சிவப்பு மைக் கோடு விழுந்தது. ஏன் என்று கேட்டவளுக்குப் பதிலாகக் காட்டப்பட்டது தங்கள் பக்கத்தின் நறுக்கு. அன்று மாலை அவள் என்னிடம், “தாத்தா, பேப்பரில் போட்டால் சரியாகத்தானே இருக்கும்?” என்று கேட்டாள். பத்திரிகையைக் குறைத்துப் பேச மனமில்லாமல் நான் மௌனமாக இருந்துவிட்டேன்.

அதற்கும் முன்பு, ஆன், ஓவர் இரண்டுக்கும் தமிழில் மேல் என்ற ஒரே சொல்தான் உண்டு, அதனால்தான் நம் பிள்ளைகள் திணறுகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். காட்பாடிப் பேருந்து பாலத்தின் மேல் போகிறது. பாலம் பாலாற்றுக்கு மேல் நிற்கிறது. பாலத்தின் மேல் என்பது ஆன், ஆற்றுக்கு மேல் என்பது ஓவர். தொட்டிருப்பதையும் தொடாமல் உயரே இருப்பதையும் நம் வேற்றுமை உருபே பிரித்துக் காட்டும்போது, குறையைத் தமிழின் தலையில் ஏற்றியது என்னைப் புண்படுத்தியது. அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை.

வரும் செவ்வாயன்று, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், முன்னால், எதிரே இரண்டுக்குமான திருத்தத்தை வெளியிட வேண்டுகிறேன். ஒரு சாலையும் இரு பக்கமும் காட்டும் சிறு படம் சேர்த்தால் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும். படத்தை வரைந்து இத்துடன் இணைத்துள்ளேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
காட்பாடி.