சிவப்பு விளக்குத் துறையில்

அன்புள்ள சேது,

பேத்திக்குக் காது குத்திய படங்கள் வந்தன. குழந்தை அழுததைவிட நீ அதிகம் அழுதிருப்பாய் போலிருக்கிறது. என் முழங்கால் பழையபடிதான்.

கொலை வழக்குகளைப் பற்றி, "செய்தவன் யாரென்று ஊருக்கே தெரியும், அப்புறம் சாட்சி எதற்கு?" என்று போன கடிதத்தில் கோபித்திருந்தாய். போன வாரம் இங்கே சிங்கப்பூரில் கிளிஃபோர்ட் பியர் படகுத்துறை, அதுதான் நம் பழைய சிவப்பு விளக்குத் துறை, பக்கம் நடந்தபோது அந்தக் கேள்விதான் மனதில் ஓடியது. குசுத் தீவுக்கு நாம் படகேறிய துறையில் இன்று ஓட்டல் நடக்கிறது. கோப்பி விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அங்கேதான் 1995 மார்ச்சில், தண்ணீரில் மிதந்த கறுப்புப் பைக்குள் இரண்டு கால்கள் இருந்தன. அடுத்தடுத்த நாள்களில் உடல் கிடைத்தது. தலையும் கைகளும் கடைசிவரை கிடைக்கவில்லை. தென்னாப்பிரிக்கப் பயணி அவர். ஓட்டலில் அவருடன் அறையைப் பகிர்ந்துகொண்ட ஜான் ஸ்கிரிப்ஸ் என்ற ஆங்கிலேயன், அவருடைய கடன் அட்டையில் செலவழித்துவிட்டு தாய்லாந்தின் புக்கெட்டுக்குப் பறந்திருந்தான். மார்ச் 19 அன்று சாங்கி விமான நிலையத்தில் வந்திறங்கியபோது பிடிபட்டான். அவன் பையில் கனடா நாட்டுத் தாய், மகன் இருவரின் கடவுச்சீட்டுகள். அவர்களின் உடற்பாகங்கள் புக்கெட்டில் கிடைத்தன.

இனி என்ன வேண்டும் என்பாய். ஆனால் கொன்றதை அவனே மறுக்கவில்லை! அந்த மனிதர் தவறாகத் தொட்டார், ஆத்திரத்தில் சுத்தியலால் அடித்துவிட்டேன் என்றான். அறைக்குள் இருந்தது இருவர், ஒருவர் இறந்துவிட்டார். திட்டமிட்டான் என்று யார் சொல்வது? வெட்டுகள்தாம் சொல்லின. மூட்டு மூட்டாக, பழகிய கை வெட்டியிருக்கிறது என்றார் தடயவியல் மருத்துவர் சாவ் ட்ஸீ செங். இறைச்சி வெட்டும் வேலையை அவன் இங்கிலாந்துச் சிறையில் கற்றிருந்தான்.

தாய்லாந்தில் நடந்த கொலைகளை இங்கே விசாரிக்க முடியாது. ஆனாலும் அதே விதமாக வெட்டப்பட்ட உடல்கள் என்பதால், அவற்றையும் சாட்சியமாகக் கேட்டார் நீதிபதி சின்னத்துரை. திடீர் ஆத்திரம் ஊர் மாறியும் அதே மாதிரியா வரும்? நவம்பரில் மரண தண்டனை. 1996 ஏப்ரல் 19 அன்று தூக்கு.

சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் தீர்ப்பு ஒரு கொலைக்கு மட்டும்தான். அந்தத் தாயும் மகனும் வேறொருவர் வழக்கில் சாட்சியாக வந்து போனார்கள். அவர்களுக்கென்று ஒரு வழக்கு நடக்கவே இல்லை, சேது. அதுதான் என்னை உறுத்துகிறது.

அடுத்த மாதம் மகன் காரைக்குடி வருகிறான். கோடாலித் தைலம் ஆறு புட்டி கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
முத்து