வாசகர் வட்டத்துக்குப் பழைய நூல்களின் பிரதிகள் கோரி மனு

அனுப்புநர்:
வாசகர் வட்ட உறுப்பினர்கள்

பெறுநர்:
நூலக அலுவலர் அவர்கள்,
பொது நூலகத் துறை

பொருள்: வாசகர் வட்டத்துக்குப் பிற கிளைகளிலிருந்து நூல்கள் பெறுவது, பழைய நூல்களைக் கழிப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

எங்கள் நூலகத்தில் மாதம் ஒரு நூலைப் படித்துக் கூடிப் பேசுகிறோம். 1950களில் தொடங்கி, ஒவ்வொரு பத்தாண்டிலும் முக்கியமாகக் கருதப்பட்ட நூல்களை வரிசையாக எடுத்துக்கொள்கிறோம்.

பழைய நூல்கள் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். பூச்சிக்கொல்லிகளால் இயற்கைக்கு நேரும் கேட்டைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சன் எழுதிய 'மௌன வசந்தம்' 1962இல் வந்தபோது பூச்சிக்கொல்லி நிறுவனங்கள் அதைக் கடுமையாக எதிர்த்தன. பத்தாண்டு கழித்து, 1972இல், அமெரிக்கா டிடிடி என்னும் பூச்சிக்கொல்லியின் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடை செய்தது. இது தெரிந்த பிறகு அந்நூலைப் படிப்பது வேறொரு வாசிப்பு. அவர் சொன்னதில் எது நடந்தது, எதை இன்னும் நாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று பேச்சு நீள்கிறது. அந்தக் காலத்தை நேரில் கண்ட பெரியவர்களும் அதற்குப் பின் பிறந்த இளைஞர்களும் சமமாக உட்கார்ந்து வாதாடுவதை வேறு எங்கே பார்க்க முடியும்?

ஆனால் இத்தகைய நூல்களில் பெரும்பாலும் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது. ஒருவர் இரவல் எடுத்தால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பலர் படிக்காமலே கூட்டத்துக்கு வருகிறார்கள். புதிதாக வாங்கலாம் என்றால் பல நூல்கள் மறுபதிப்பே காணவில்லை. இருக்கும் பிரதியின் தாளும் அமிலத்தன்மையால் பழுத்து, மடித்தால் ஒடிகிறது. அதையே கைமாற்றிக் கைமாற்றிப் படிப்பது நூலுக்கும் நல்லதல்ல.

ஆகவே, அந்தந்த மாதத்துக்குரிய நூலின் பிரதிகளைப் பிற கிளை நூலகங்களிலிருந்து திரட்டி, கூட்டம் முடியும்வரை எங்கள் நூலகத்தில் வைத்திருக்க ஆணையிட வேண்டுகிறோம். பட்டியலை முன்கூட்டியே தந்துவிடுகிறோம். முடிந்ததும் அவை அந்தந்தக் கிளைக்கே திரும்பட்டும்.

இன்னொன்று, எங்களுக்கு மிகவும் கவலை தருவது. சில ஆண்டுகளாக யாரும் எடுக்கவில்லை என்பதை மட்டும் வைத்து ஒரு நூலைக் கழிவுப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். உள்ளறையில் கட்டிவைத்த நூலை யார் கண்டு எடுப்பார்கள்? ஒரு முறை பேசப்பட்டால் அதே நூலுக்கு வரிசை நிற்கிறது. 'ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்' என்று நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இலேயே நூலக விதியாக எழுதிவைத்தார். கழிக்கும் முன் அந்தப் பட்டியலை வாசகர் வட்டத்தின் பார்வைக்கு வைத்தால், எவற்றைக் காப்பாற்றலாம் என்று நாங்களே படித்துப் பார்த்து எழுத்து மூலம் தெரிவிப்போம்.

இவ்விரு கோரிக்கைகளையும் பரிசீலித்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர் வட்ட உறுப்பினர்கள்