உதவி அரசு வழக்கறிஞர் டி'ஏஞ்சலோவுக்கு

ஐயா,

1947-இல் ஹென்றி ஹாத்தவே இயக்கிய 'கிஸ் ஆஃப் டெத்' படத்தில் வரும் ஒரு பாத்திரம்தான் நீங்கள். அதனால் பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் கேட்காமல் விட மனசு வரவில்லை.

நகைக்கடைக் கொள்ளையில் பிடிபட்ட திருடன் நிக் பியாங்கோ எடுத்த எடுப்பில் அப்ரூவராகிவிடவில்லை. குடும்பத்தைப் பார்த்துக்கொள்கிறோம் என்று வக்கீல் ஹவுஸர் சொன்னதை நம்பி, வாயை மூடிக்கொண்டு சிங் சிங் சிறைக்குப் போனான். மனைவி தற்கொலை செய்துகொண்டாள், இரண்டு பெண் குழந்தைகளும் அநாதை இல்லத்தில் விடப்பட்டார்கள். அப்புறம்தான் உங்களிடம் பேசினான். பிள்ளைகளை வைத்து அவனை வளைத்தீர்கள். சரி, உங்கள் வேலை அது.

என் கேள்வி அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. நிக் பேசியது வெளியே தெரியக் கூடாது என்பதற்காக, போட்டுக்கொடுத்தவன் அவனுடைய பழைய கூட்டாளி ரிஸோதான் என்று ஹவுஸர் நம்பும்படி செய்தீர்கள். ரிஸோவைத் தீர்த்துக்கட்ட ஹவுஸர் கொலைகாரன் டாமி உடோவை அனுப்பினான். உடோ போன நேரத்தில் ரிஸோ வீட்டில் இல்லை. சக்கர நாற்காலியில் இருந்த அவனுடைய வயதான அம்மாதான் இருந்தார். வயரை எடுத்து அவரை நாற்காலியோடு கட்டி, மாடிப்படியின் உச்சிக்குத் தள்ளிக்கொண்டு வந்து, சிரித்தபடியே கீழே தள்ளிவிட்டான். உடோவாக நடித்த ரிச்சர்ட் விட்மார்க்குக்கு அது முதல் படம். அந்தச் சிரிப்புக்கே ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது என்று சொல்லலாம். இத்தனை வருடங்களாக எல்லோரும் அந்தச் சிரிப்பைப் பற்றியேதான் பேசுகிறார்கள். நானும் முதல் தடவை பார்த்தபோது அதைத்தான் பார்த்தேன். உடோவை அந்த வீட்டு வாசல் வரை கொண்டுவந்தது யாருடைய யோசனை என்பது இரண்டாம் தடவை பார்த்தபோதுதான் உறைத்தது.

உங்கள் பக்கமும் கிட்டத்தட்ட எங்கள் பக்கம் மாதிரியே அழுக்குதான் என்று நிக் சொன்னபோது, நாங்கள் கெட்டவர்களை மட்டும்தான் காயப்படுத்துகிறோம் என்கிற அர்த்தத்தில் பதில் சொன்னீர்கள். அந்த அம்மா எந்தக் கணக்கில் வருகிறார்?

உடோவைக் கூண்டில் ஏற்றி நிக்கைச் சாட்சி சொல்ல வைத்தீர்கள். ஆனால் உடோ விடுதலையானான். கடைசியில் அவனைப் பிடிக்க நிக் தன் உடம்பையே இரையாக வைத்துத் துப்பாக்கிக் குண்டுகளை வாங்கிக்கொண்டான். இதைப் பற்றியாவது உங்கள் முகத்தில் கவலை தெரிந்தது. மூலக்கதை எழுதிய எலியாசர் லிப்ஸ்கியும் நியூயார்க்கில் உங்கள் வேலையைப் பார்த்தவர்தான். பொய்ப் பேச்சைக் கிளப்பிவிட்டு ஆளைக் காப்பாற்றும் வழியெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

திருமதி ரிஸோவுக்கு உங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பு இருந்திருக்கும். கொலைக்கான காரணம் என்ற இடத்தில் என்ன எழுதினீர்கள்?

இப்படிக்கு,
படத்தை இரண்டு தடவை பார்த்த ஒருவன்